கடலடியில் ஓடிய சேற்று வெள்ளம்

உலகப் படத்தில் நிலப்பகுதி மலையும் சமவெளியுமாகப் பல நிறங்களில் விளங்குகிறது. கடலோ பெரும்பாலும் ஒரே நீலமாக இருக்கிறது. அந்த நீலத்தின் கீழும் மேடுகள், சரிவுகள், பள்ளத்தாக்குகள் உண்டு என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

தோழியரே, கரையிலிருந்து கடலடி வழியாக நடந்து செல்வதாகக் கற்பனை செய்யுங்கள். முதலில் ஆழம் குறைந்த, ஏறக்குறைய சமமான தரை வரும். இதுவே கண்டத்திட்டு. இதன் ஆழம் பெரும்பாலும் 200 மீட்டருக்குள் இருக்கும். அதன் விளிம்பைத் தாண்டியதும் தரை கீழ்நோக்கி இறங்கும். இது கண்டச்சரிவு. அதற்கும் அப்பால் ஆழ்கடல் சமவெளி பரந்து கிடக்கிறது. ஆறுகள் அடித்து வரும் மணலும் வண்டலும் சரிவின்மேல் காலங்காலமாகக் குவிகின்றன. அவை என்றும் அங்கேயே அசையாமல் கிடக்குமா?

இதற்கு விடை தந்தது ஒரு பூகம்பம். 1929-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் மாலை, கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், கிராண்ட் பாங்ஸ் என்னும் கண்டத்திட்டின் விளிம்பில் 7.2 அளவுள்ள நில அதிர்ச்சி உண்டாயிற்று. அதைத் தொடர்ந்து எழுந்த சுனாமி நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரைக் கிராமங்களைத் தாக்கியது. மாண்டவர்கள் 28 பேர்.

அட்லாண்டிக் கடலடியில் கிடந்த தந்தி வடங்களில் 12 அறுந்தன. பூகம்பம் நிகழ்ந்த இடத்துக்கு அருகில் இருந்தவை உடனே அறுந்ததில் வியப்பில்லை. ஆனால் சரிவுக்குக் கீழே தொலைவில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, 13 மணி நேரத்துக்கும் மேலாக அறுந்துகொண்டே போயின! ஒவ்வொரு வடத்திலும் செய்தி நின்ற நேரம் பதிவாகியிருந்தது.

1952-ஆம் ஆண்டில் புரூஸ் ஹீஸன், மாரிஸ் யூயிங் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இந்தப் புதிரை விடுவித்தனர். அதிர்ச்சியால் சரிந்த வண்டல் நீரோடு கலந்து, சேற்று வெள்ளமாகச் சரிவில் பாய்ந்து, வழியிலிருந்த வடங்களை அறுத்தது என்றனர். வடங்களுக்கு இடையிலுள்ள தூரமும் அவை அறுந்த நேரமும் வெள்ளத்தின் வேகத்தைக் காட்டிக்கொடுத்தன. சுனாமி எழுந்ததற்கும் இச்சரிவே முக்கிய காரணம் என்று இன்று கருதப்படுகிறது.

இத்தகைய இடங்களை எப்படிக் கண்டறிகிறார்கள்? கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி 4 விநாடியில் வந்தால் ஆழம் 3,000 மீட்டர் ஆகும். இன்றைய கருவிகள் விசிறிபோல் பல ஒலிக்கதிர்களை ஒரே சமயத்தில் அனுப்பி, அகன்ற பரப்பை அளந்துவிடுகின்றன.

நீண்ட குழாயைக் கடலடியில் செலுத்தி மண்ணையும் எடுக்கிறார்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் மணலையும் களிமண்ணையும் நீர்விட்டுக் கலக்கி வையுங்கள். பருமணல் முதலில் படியும். நுண்மணல் அதன்மேல் படியும். களி கடைசியில் தங்கும். கடலடி மண்ணிலும் இதே அடுக்கு காணப்பட்டால், பழைய சேற்று வெள்ளம் ஒன்று அங்கே வந்து ஓய்ந்திருக்கலாம் என்று அறியலாம்.

பெண்களை ஆராய்ச்சிக் கப்பலில் ஏற்றாத அந்நாளில், மேரி தார்ப் என்ற பெண்மணி ஆழ அளவுகளைக் கொண்டு மேசையில் அமர்ந்தே கடலடியை வரைந்தார். அவரும் ஹீஸனும் உருவாக்கிய வட அட்லாண்டிக் கடலடிப் படம் 1957-இல் வெளிவந்தது.

இன்று நாடுகளை இணைக்கும் இணையமும் கடலடி வடங்களில்தான் செல்கிறது. வடம் பதிப்பதற்கும் கரையோர மக்களை எச்சரிப்பதற்கும் எந்தச் சரிவு முன்பு சரிந்தது, எங்கே வண்டல் குவிந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த நீலத்தை நிரப்பும் ஒவ்வொரு கோடும் உயிர்காக்கும் கோடே.