வெளிநாடுகளுக்கு வீட்டுப் பொருட்கள் அனுப்புதலும் உயிரிப் பாதுகாப்புச் சோதனையும்

உயிரிப் பாதுகாப்புச் சோதனை என்பது, ஒரு நாட்டுக்குள் வரும் பொருட்களுடன் அந்நாட்டில் இல்லாத பூச்சிகள், களை விதைகள், பயிர் நோய்கள், கால்நடை நோய்கள் ஆகியவை நுழைந்துவிடாமல் தடுக்க, துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ அதற்கென ஒதுக்கப்பட்ட கிடங்கிலோ நடத்தப்படும் ஆய்வாகும். இது சுங்கச் சோதனையிலிருந்து வேறுபட்டது. சுங்கத்துறை பொருளின் மதிப்பையும் வரியையும் பார்க்கிறது. உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகள் பொருளில் ஒட்டியுள்ள மண், மரத்திலுள்ள துளை, துணியில் சிக்கிய விதை ஆகியவற்றைப் பார்க்கின்றனர். சுங்கவரி விலக்குப் பெற்ற பழைய வீட்டுச் சாமான்களும் இச்சோதனையிலிருந்து தப்புவதில்லை. அதற்கான கட்டணத்தைப் பொருளின் உரிமையாளரே செலுத்த வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளிநாடு சென்று அங்கேயே குடியேறுவோர், வீட்டுப் பொருட்களைக் கப்பலில் அனுப்பும்போது இச்சோதனையை எதிர்கொள்கின்றனர். எந்தப் பொருள் ஏன் தடுக்கப்படுகிறது, செலவு எங்கே கூடுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சோதனை ஏன் தேவைப்படுகிறது

பெரம்பலூர், தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகமாக விளையும் மாவட்டங்களில் ஒன்று. 2018-ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட படைப்புழு, அதே ஆண்டிலேயே பெரம்பலூர் மக்காச்சோள வயல்களுக்கும் பரவிப் பெரும் சேதத்தை உண்டாக்கியது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்புழு, 2016-இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் இந்தியாவை எட்டியது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்குத் தமிழக அரசு நிவாரணம் வழங்க நேர்ந்தது. அதன்பின் மக்காச்சோளம் பயிரிடுவோருக்குப் பூச்சிமருந்துச் செலவு நிலையான செலவாகிவிட்டது.

இதற்கு முன்பும் தமிழ்நாடு இத்தகைய அனுபவத்தைக் கண்டுள்ளது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகிய பயிர்கள் அதனால் பாதிக்கப்பட்டன. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து வயல்களில் விட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது. ஒரு நாட்டில் இயற்கை எதிரிகளால் அடங்கியிருக்கும் பூச்சி, அவ்வெதிரிகள் இல்லாத வேறு நாட்டில் தடையின்றிப் பெருகிவிடும் என்பதே இதன் காரணம். எல்லையில் ஒரு பெட்டியைச் சோதிக்கும் செலவு, உள்ளே நுழைந்துவிட்ட பூச்சியை ஒழிக்கும் செலவைவிட மிகக் குறைவு.

காப்ரா வண்டு

இந்தியாவிலிருந்து செல்லும் பொருட்களில் அதிகாரிகள் முக்கியமாகத் தேடுவது காப்ரா வண்டை. சேமித்து வைத்த தானியத்தைத் தாக்கும் இவ்வண்டு இந்தியத் துணைக்கண்டத்தில் பரவலாக உள்ளது. வளர்ந்த வண்டின் நீளம் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர். அது பறப்பதில்லை. மனிதர் அனுப்பும் சரக்குகளே அதற்கு வாகனம். அதன் புழு சுவர் வெடிப்பு, பெட்டியின் மடிப்பு, சாக்கின் தையல் ஆகியவற்றில் ஒளிந்துகொண்டு, உணவின்றியே நீண்ட காலம் உறக்க நிலையில் உயிர்வாழக்கூடியது. அரிசி ஏற்றிய சரக்குப் பெட்டகத்தில் தங்கிவிட்ட புழு, பின்னர் அதே பெட்டகத்தில் ஏற்றப்படும் மரச்சாமானுடன் வேறு நாட்டுக்குப் போய்விடலாம்.

1953-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இவ்வண்டு கண்டறியப்பட்டது. அதை ஒழிக்கும் பணி 1966 வரை நீடித்தது. 2020-இல் ஆஸ்திரேலியாவில், இறக்குமதியான குளிர்பதனப் பெட்டியின் பொதியிலும் குழந்தைகளுக்கான உயர் நாற்காலிகளின் பொதியிலும் இவ்வண்டு காணப்பட்டது. உணவுப் பொருளே அல்லாத சரக்கில் வந்ததால் அந்நாடு விதிகளை இறுக்கியது. 2020 செப்டம்பர் 3 முதல், தனியாக அனுப்பப்படும் வீட்டுச் சாமான்களுடன் அரிசி, கொண்டைக்கடலை, துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை, கொத்தமல்லி விதை, சீரகம், காய்ந்த மிளகாய் போன்றவற்றை அனுப்புவது தடைசெய்யப்பட்டது. அக்டோபர் 15 முதல் பயணிகளின் உடைமைகளுக்கும் அஞ்சல் பொதிகளுக்கும் இத்தடை விரிவாக்கப்பட்டது. வறுத்தல், பொரித்தல் போன்ற வெப்பமுறைகளில் பதப்படுத்தியவற்றுக்கு விலக்கு உண்டு. ஊரில் மாமியார் இடித்துக் கொடுத்த சாம்பார்ப் பொடியைச் சாமான் பெட்டியின் மூலையில் செருகி அனுப்புவதால், பெட்டி முழுவதும் பிரித்துச் சோதிக்கப்பட நேரலாம்.

நாடுகளும் சட்டங்களும்

ஆஸ்திரேலியாவில் 1908-ஆம் ஆண்டின் தொற்றுத்தடுப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2015-ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2016 ஜூன் 16 முதல் நடைமுறையில் உள்ளது. நியூசிலாந்தில் 1993-ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தடைசெய்த உணவையோ தாவரத்தையோ தெரிவிக்காமல் கொண்டுவரும் பயணிக்கு அங்கே 400 நியூசிலாந்து டாலர் உடனடி அபராதம் விதிக்கப்படுகிறது. இவ்விரு நாடுகளும் கடல் சூழ்ந்தவை; வேளாண் ஏற்றுமதியை நம்பியிருப்பவை. எனவே அங்கே விதிகள் மிகக் கடுமையாக உள்ளன.

அமெரிக்காவிலும் சோதனை உண்டு. 2021-இல் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பயணப்பெட்டியில் இருந்த சாண வறட்டிகள், வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் கைப்பற்றி அழிக்கப்பட்டன. கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோய்க் கிருமி அவற்றின் வழியாகப் பரவக்கூடும் என்பதே காரணம். அமெரிக்காவில் 1929-க்குப் பிறகு கோமாரி நோய் ஏற்பட்டதில்லை. ஆஸ்திரேலியாவிலோ 1872-க்குப் பிறகு இல்லை. இந்தியாவில் இந்நோய் இன்றும் உள்ளதால், இங்கிருந்து செல்லும் பால், இறைச்சி, பதப்படுத்தாத தோல், சாணம் ஆகிய யாவும் ஐயத்துடன் பார்க்கப்படுகின்றன.

எப்பொருட்கள் சோதிக்கப்படுகின்றன

மரப் பொருட்கள்: பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர், தழுதாழை ஆகிய ஊர்கள் மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்றவை. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் செதுக்கப்படும் இச்சிற்பங்களை அனுப்பத் தடையில்லை. ஆனால் மரப்பட்டை ஒட்டியிருக்கக் கூடாது. பூச்சித் துளை இருக்கக் கூடாது. துளையருகே புதிய மரத்தூள் உதிரக் கூடாது. அத்தூள், உள்ளே உயிருள்ள புழு இருப்பதற்கான அடையாளம். பழைய கட்டில், மர உரல், முக்காலி, ஊஞ்சல் பலகை ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

மண் ஒட்டிய பொருட்கள்: செருப்பு, காலணி, மிதிவண்டி, மண்வெட்டி, கொத்து, பூந்தொட்டி, அம்மி, ஆட்டுக்கல் ஆகியவற்றில் மண் ஒட்டியிருந்தால் அவை நிறுத்தப்படும். மண்ணில் நூற்புழுக்களும் பூஞ்சை வித்துகளும் களை விதைகளும் இருக்கலாம்.

நார், புல், ஓலைப் பொருட்கள்: கோரைப்பாய், பனையோலைக் கூடை, முறம், விளக்குமாறு, இலவம்பஞ்சுத் தலையணை, தர்ப்பை, மாவிலைத் தோரணம் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இலவம்பஞ்சில் விதை தங்கியிருப்பது பொதுவாகக் காணப்படும் குறை.

விலங்குப் பொருட்கள்: பறை, தவில், மிருதங்கம் போன்ற தோற்கருவிகள், தேன், நெய், மயில் தோகை ஆகியவை இவ்வகையில் அடங்கும். மயில் தோகையை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்வதற்கே தடை உள்ளது.

விதைகள்: நவதானியம், துளசி விதை, தோட்டத்துக்கு எடுத்து வைத்த அவரை, பூசணி விதைகள், விதைகளைக் கோத்துச் செய்த மாலைகள் ஆகியவை தெரிவிக்கப்பட வேண்டியவை.

இந்தியாவிலிருந்து புறப்படும்போது

பயிர் நலன் தொடர்பான பன்னாட்டு ஒப்பந்தம் 1951-இல் உருவானது. அதன்கீழ் வழங்கப்படுவது தாவர நலச் சான்றிதழ். இந்தியாவில் மத்திய வேளாண் அமைச்சகத்தின் பயிர்ப் பாதுகாப்பு, தொற்றுத்தடுப்பு, சேமிப்பு இயக்ககம் இதற்குப் பொறுப்பு. சென்னையில் இதன் மண்டல நிலையம் இயங்குகிறது. தாவரப் பொருள் எதையும் அனுப்புவதற்கு முன், சேரும் நாடு இச்சான்றைக் கேட்கிறதா என்று அறிந்துகொள்ள வேண்டும்.

பொருட்களைச் சுற்றி அடிக்கும் மரச்சட்டத்துக்கும் தனி விதி உண்டு. ஐ.எஸ்.பி.எம். 15 எனப்படும் பன்னாட்டு நெறியின்படி, கட்டுமான மரம் பட்டை நீக்கப்பட்டு, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்குமாறு சூடாக்கப்பட வேண்டும். அல்லது மீத்தைல் புரோமைடு போன்ற ஏற்கப்பட்ட முறையில் புகையூட்டப்பட வேண்டும். பிறகு கதிர் வடிவ முத்திரை பதிக்கப்படும். ஊர்த் தச்சரிடம் அடித்த பச்சைமரப் பெட்டியில் இம்முத்திரை இருக்காது. பொருள் சுத்தமாக இருந்தும் பெட்டியால் சரக்கு நிறுத்தப்படுவது இதனால்தான். ஒட்டுப்பலகைக்கு இவ்விதி பொருந்தாது. வைக்கோல், முட்டை அட்டை, பழப்பெட்டி ஆகியவற்றைப் பொதியக் கூடாது.

வேறு இரண்டு சட்டங்களும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கவை. தோதகத்தி எனும் ஈட்டி மரம் உள்ளிட்ட மர இனங்கள் 2017 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிற்பம், கலைப்பொருள் ஆகியவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் சிலை, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்குச் சென்று, 2014-இல் இந்தியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது.

செலவுகள்

கப்பல் கூலி கன அளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட பெட்டியின் கன அளவு 0.1215 கன மீட்டர். அத்தகைய எட்டுப் பெட்டிகள் ஏறத்தாழ ஒரு கன மீட்டர். 20 அடிச் சரக்குப் பெட்டகத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர் என்பதால், சில பெட்டிகள் மட்டும் அனுப்புவோர் பலருடன் சேர்ந்து ஒரே பெட்டகத்தில் இடம் பெறுகின்றனர். இம்முறையில் கூலி குறையும். ஆனால் பெட்டகத்தில் ஒருவரின் பொருளில் பூச்சி காணப்பட்டால் மற்றவர்களின் பொருட்களும் தாமதமாகலாம்.

கப்பல் கூலிக்கு அப்பால் சேரும் செலவுகள் வருமாறு:

1. ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம்.
2. ஆய்வுக் கட்டணம். ஆஸ்திரேலியாவில் இது கால்மணி நேரக் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. ஐம்பது நிமிட ஆய்வு நான்கு கால்மணி அலகுகளாகும்.
3. ஆய்வுக்காகப் பெட்டிகளை எடுத்து, பிரித்து, மீண்டும் கட்டும் கிடங்குக் கூலி.
4. சுத்தம் செய்தல், புகையூட்டல், வெப்பமூட்டல், உறையவைத்தல் ஆகிய சிகிச்சைகளின் கட்டணம்.
5. இவை முடியும்வரை கிடங்கு வாடகையும், பெட்டகத்தைத் தாமதமாகத் திருப்பியதற்கான கட்டணமும்.
6. திருப்பி அனுப்பும் செலவு அல்லது அழிக்கும் செலவு.

"வீட்டு வாசல்வரை" என்று நிறுவனங்கள் தரும் விலைப்பட்டியலில், சுங்கச் செலவும் உயிரிப் பாதுகாப்புச் செலவும் நீங்கலாக என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அவ்வரியை முன்கூட்டியே வாசித்து எழுத்தில் விளக்கம் பெறுவது நல்லது. ஆஸ்திரேலியாவில் உரிமையாளர் வெளிநாட்டில் முழுமையாகப் பன்னிரண்டு மாதம் வைத்துப் பயன்படுத்திய பொருட்களுக்குச் சுங்கவரி விலக்கு உண்டு. ஆய்வுக் கட்டணத்துக்கு அவ்விலக்கு இல்லை.

செலவைக் குறைக்கும் வழிகள்

- ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்டு, உள்ளிருப்பதைத் தனித்தனியாக எழுதுதல். "சமையல் சாமான்" என்று மட்டும் எழுதினால் பெட்டி திறக்கப்படும். "எவர்சில்வர் பாத்திரம் 12, இட்லித் தட்டு 4" என்று எழுதினால் ஐயம் குறையும்.
- மரம், ஓலை, தோல் பொருட்களை ஒரே பெட்டியில் சேர்த்து, எளிதில் எடுக்கும்படி வைத்தல். எல்லாப் பெட்டிகளையும் பிரிக்கும் நேரம் இதனால் மிச்சமாகும்.
- அம்மி, ஆட்டுக்கல், மிதிவண்டி, காலணி ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவி, நன்கு வெயிலில் உலர்த்திய பின் கட்டுதல்.
- தானியம் வைத்திருந்த டின், சாக்கு, பாத்திரங்களின் மடிப்புகளைத் துலக்குதல்.
- உணவுப் பொருள் எதையும் சாமான்களுடன் சேர்க்காதிருத்தல்.
- ஐயமுள்ள பொருளை மறைக்காமல் படிவத்தில் தெரிவித்தல். தெரிவித்த பொருள் தடைசெய்யப்பட்டிருந்தால் அப்பொருளை மட்டுமே இழக்க நேரும். மறைத்தால் அபராதமும் சேரும்.

அனுப்புவதா, விட்டுச்செல்வதா

சிகிச்சைக் கட்டணம் பொருளின் விலையைப் பார்த்து வசூலிக்கப்படுவதில்லை. முந்நூறு ரூபாய் முறத்துக்கும் முப்பதாயிரம் ரூபாய்ச் சிற்பத்துக்கும் புகையூட்டும் கட்டணம் ஒன்றாகவே இருக்கக்கூடும். எனவே கடையில் மீண்டும் வாங்கக்கூடிய பாய், கூடை, விளக்குமாறு ஆகியவற்றை அனுப்புவது பொருளாதார வகையில் பயனற்றது. பாட்டி கையாண்ட மர உரல் போன்றவற்றுக்கு மதிப்பு விலையில் இல்லை. அவற்றை அனுப்ப விரும்புவோர், பூச்சித் துளை உள்ளதா என்று பார்த்து, இங்கேயே அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் புகையூட்டிச் சான்று பெற்று அனுப்பலாம். சேரும் நாடு அந்த நிறுவனத்தின் சான்றை ஏற்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஏற்காவிடில் அதே செலவு இரண்டாம் முறையும் வரும்.

கட்டணங்களும் தடைப்பட்டியல்களும் அவ்வப்போது மாற்றப்படுவதால், பெட்டி கட்டும் முன் சேரும் நாட்டு அரசின் இணையதளத்தில் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்வது அவசியம். வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புவோருக்கும் இதே கவனம் பொருந்தும். இந்தியாவிலும் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை நடைமுறையில் உள்ளது. விதையோ நாற்றோ அனுமதியின்றிக் கொண்டுவந்தால், அதனுடன் வரும் பூச்சி முதலில் இறங்குவது கொண்டுவந்தவரின் சொந்த ஊர் வயலிலேயாக இருக்கும்.