அம்பாசிடர் காரின் எண்ணெய் வடிகட்டியும் கேஸ்கட்டும்

அம்பாசிடர் என்பது மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த கார் ஆகும். இது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவியது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. ஒரு காலத்தில் நாகர்கோவில் டாக்சி நிறுத்தங்களில் நின்ற இக்காரை இன்று பேணுவோருக்கு உதிரிபாகம் தேடுவதே பெரும் வேலை.

வடிகட்டி

கடையில் 'அம்பாசிடர் ஃபில்டர்' என்று மட்டும் கேட்பது போதாது. எஞ்சின் வகையைச் சொல்ல வேண்டும். பழைய 1489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சினில், உலோகக் கிண்ணத்துக்குள் உருளை வடிவ எலிமெண்ட் இருக்கும். பின்னர் வந்த இசுசு எஞ்சினின் வடிகட்டி இதற்குப் பொருந்தாது. எலிமெண்ட்டை மாற்றும்போது கிண்ணம் பொருந்தும் பள்ளத்திலுள்ள பழைய ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட வேண்டும். அதன்மேல் புதிய வளையம் வைத்தால் எண்ணெய் கசியும்.

கேஸ்கட்

வால்வு மூடி, டைமிங் மூடி ஆகியவற்றுக்கான கேஸ்கட்டைத் தக்கை அல்லது கேஸ்கட் தாளில் கையாலேயே வெட்டலாம். ஹெட் கேஸ்கட்டை அவ்வாறு செய்யக்கூடாது. அது எரிவாயு அழுத்தம், தண்ணீர், எண்ணெய் மூன்றையும் பிரித்து நிறுத்துகிறது. அது பழுதாகித் தண்ணீர் கலந்தால் எண்ணெய் பால்போல் வெளுக்கும்; பேரிங்குகள் தேயும்.

கிடைக்கும் இடம்

சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றது. ஆனால் வடிகட்டியையும் கேஸ்கட்டையும் பழையதாக வாங்கக்கூடாது. பிரிட்டனின் எம்.ஜி.ஏ. காரிலும் பி.எம்.சி.யின் இதே 'பி' வரிசை எஞ்சின் இருந்தது. அதற்கான பாகங்கள் இன்றும் தயாராகின்றன. துளைகளை ஒப்பிட்டுப் பார்த்த பின்பே அவற்றை வாங்க வேண்டும்.