புயல் வெள்ளக் காலங்களில் பாரவண்டிப் பாதைகள்

ஒரு கிராமத்தின் விளைபொருள் வெளியே செல்வதும், விதையும் உரமும் மாட்டுத் தீவனமும் உள்ளே வருவதும் சாலையையே பொறுத்திருக்கின்றன. லாரி, டிராக்டர், மண் அள்ளும் யந்திரம் முதலிய பாரவண்டிகள் ஊருக்குள் வர வழியின்றிப் போகும்போதுதான் இதன் அருமை நன்கு புலப்படும். கடலூர் ஜில்லாவில் நெய்வேலியைச் சூழ்ந்த கிராமங்கள் சமீப காலத்தில் இருமுறை இவ்வனுபவத்தை அடைந்தன.

2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, நெய்வேலிப் பகுதிகளில் முந்திரி மரங்களும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து சாலைகளின் குறுக்கே வீழ்ந்தன. 2015-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் வந்ததோ மழைச் சேதம். அம்மாதம் 10-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நெய்வேலியில் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. குறிஞ்சிப்பாடிப் பகுதியில் சம்பாப் பயிர் நீரில் மூழ்கியது. சாலைகள் பல இடங்களில் அறுந்தன.

இவ்விரண்டு சேதங்களும் ஒரே தன்மையுடையன அல்ல. காற்று சாலையின்மேல் மரத்தைப் போடுகிறது. ரம்பமும் கயிறும் ஆட்களும் இருப்பின் அதனை அகற்றிவிடலாம். வெள்ளமோ சாலையின் அடியிலுள்ள மண்ணைக் கரைத்துச் செல்கிறது. மேலே தார் பரப்பு முழுமையாகவே தோன்றும். அதனை நம்பிச் செல்லும் முதல் லாரியின் கீழ் அது இடிந்து விழும். பின்னர் பல நாட்களுக்கு எந்த வண்டியும் செல்ல இயலாது.

பாரத்தின் அளவும் கவனிக்கத்தக்கது. அச்சின்மீதுள்ள பாரம் இருமடங்கானால் சாலைக்கு நேரும் தேய்மானம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. 10 டன் பாரமுள்ள அச்சு ஒருமுறை செல்வதைவிட, 5 டன் பாரமுள்ள அச்சு இருமுறை செல்வது சாலைக்கு எட்டில் ஒரு பங்கு கேட்டையே விளைவிக்கும். ஆதலால் வெள்ளம் வடிந்த முதல் சில நாட்களில் நிவாரணப் பொருளையும் தீவனத்தையும் வடலூர், மந்தாரக்குப்பம் போன்ற பெருஞ்சாலை ஊர்களில் இறக்கி, டிராக்டர் டிரெயிலர்களில் சிறு பாரமாகக் கொண்டுசெல்வதே புத்திசாலித்தனம்.

நெய்வேலி வட்டாரத்திற்கு ஒரு தனிச் சங்கடமும் உண்டு. பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் சேரும் நீரை இறைத்து வெளியேற்றியே தீரவேண்டும். அந்நீர் பரவனாற்று வழியாகப் பெருமாள் ஏரிப் பக்கம் செல்கிறது. கோடையில் பாசனத்துக்கு உதவும் இந்நீர், பெருமழையோடு சேரும்போது தாழ்ந்த கிராமங்களுக்குத் தொல்லையாகிறது. சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடுகளிலிருந்து மழை அடித்துவரும் வண்டல், வாய்க்கால்களிலும் சிறு பாலங்களிலும் படிந்து நீர்ப்போக்கைத் தடுக்கிறது. பாலத்தின் கண் அடைபடின் நீர் சாலைமீது ஏறும்.

அவ்வேளையில் வயலில் நிற்கும் நீரை வடிக்கச் சாலையையே வெட்டிவிடுவது சிலவிடங்களில் வழக்கமாயிருக்கிறது. நடவு செய்து சில வாரங்களேயான பயிர் பல நாட்கள் நீரில் மூழ்கின் அழுகிவிடும் என்னும் அச்சத்தால் செய்யப்படுவது இது, அச்சம் நியாயமானதே. ஆயினும் அவ்வெட்டு, உரமும் மருந்தும் வரும் வழியையும் நோயாளியை ஏற்றிச்செல்லும் வழியையும் ஒருங்கே அடைத்துவிடுகிறது. பயிரும் சாலையும் ஒருசேரப் பிழைப்பதற்கு வழி, ஐப்பசி மழைக்கு முன்பே பாலத்தின் கண்களைத் தூர்வாருவதுதான்.

மழைக்கு முன் செய்யவேண்டியவை:

1. கிராமச் சாலையின் இருபக்க வாய்க்கால்களையும் சிறு பாலங்களையும் புரட்டாசி மாதத்துக்குள் தூர்வாருக.

2. லாரியின் அகலம் 2.6 மீட்டர் வரையில் இருக்கலாம். ஒற்றைத் தடச் சாலையின் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டரே. சாலையோரத்து எருக்குழி, வைக்கோற்போர், வேலி ஆகியவற்றை அப்புறப்படுத்துக.

3. சாலைமேல் கவிந்த முந்திரி, பலாக் கிளைகளை 15 அடி உயரம் வரையில் கழித்துவிடுக.

4. ரம்பம், கோடரி, வடக்கயிறு ஆகியவற்றை ஊர்ப் பொதுவில் வைத்திருப்பதோடு, டிராக்டர் உடையோரின் பெயர்களையும் எழுதி வைத்திருக்க.

வெள்ளத்தின்போது ஓடும் நீரில் எவ்வண்டியையும் இறக்குதல் கூடாது. இரண்டடி நீரோட்டமே மோட்டார் வண்டியை இழுத்துச் செல்ல வல்லது. வடிந்தபின் பாலத்தின் இருமுனைகளையும் நீண்ட கழியால் குத்திப் பார்த்து, மண் உறுதியாயிருப்பதைக் கண்ட பின்னரே பாரவண்டியை அனுமதிக்கவேண்டும். அறுந்த இடத்தில் பகலில் சிவப்புத் துணியும் இரவில் விளக்கும் கட்டி, 1077 என்னும் எண்ணில் ஜில்லா அதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாம். 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி அதிகாரிகள் நிவாரண வேலைக்காகத் தனியார் வண்டிகளை எழுத்து மூலமான உத்தரவால் எடுத்துக்கொள்ளலாம். 66-ஆம் பிரிவின்படி அதற்கு ஈடு தரப்படும். ஆகவே டிராக்டர் கொடுப்போர் உத்தரவின் பிரதியைப் பத்திரப்படுத்துதல் நலம்.

பெரிய சாலைகளைச் சர்க்கார் இலாகாக்கள் செப்பனிடும். ஆனால் பெருஞ்சாலையிலிருந்து களம் வரையுள்ள கடைசிப் பாதையை மழைக்கு முன் பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள் அக்கிராமத்தாரே. அதற்கென ஒருநாள் உழைப்பு, அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் களத்திலேயே நனைந்து கிடக்காதபடி காக்கும்.