மறதியும் நோயின் அடையாளமே

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,

எச்.ஐ.வி. உள்ளவர்களில் சிலர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததும், சொன்னதை மறப்பதும் ஏன் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். சோம்பல் என்றும், பாவத்தின் தண்டனை என்றும், பிசாசின் பிடி என்றும் சபைகளில் பேசப்படுவதைக் கேட்டு வேதனைப்படுகிறோம். ஆகவே மருத்துவர்கள் எங்களுக்கு விளக்கியதை இங்கே எழுதுகிறோம்.

இந்தக் கிருமி உடலின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கிறது என்பதை அறிவீர்கள். தொற்றிய சில வாரங்களிலேயே அது வெள்ளணுக்களின் வழியாக மூளைக்குள்ளும் போய்விடுகிறது. அங்கே நரம்பணுக்களை அது நேராகத் தாக்குவதில்லை. அவற்றைக் காவல்காக்கும் அணுக்களில் குடியேறுகிறது. அந்த அணுக்களிலிருந்து கசியும் நச்சுப்பொருள்கள் நரம்பணுக்களைச் சேதப்படுத்துகின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் மறதி, கவனக்குறைவு, எதிலும் நாட்டமின்மை, நடையில் தள்ளாட்டம் ஆகியவை மெல்ல மெல்ல வரக்கூடும். பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் உண்டாகலாம். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்குக் காசநோய்க் கிருமியோ ஒருவகைக் காளானோ மூளையுறையைத் தாக்கும். கடும் தலைவலி, காய்ச்சல், வலிப்பு, திடீர்க் குழப்பம் கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

நம் நாட்டில் இத்தொற்று 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தினமும் தவறாமல் மருந்து உட்கொள்ளுவோரிடம் கடுமையான மூளைப் பாதிப்பு இன்று அரிது. மறதி தொடங்கியவர்களிலும் பலர் தேறுகிறார்கள்.

ஆனால் மறதி வந்தவர் மாத்திரையையும் மறக்கிறார். மாத்திரை தவறினால் மறதி கூடுகிறது. இதைத் தடுக்க, தினமும் ஒரே நேரத்தில் மாத்திரையை எடுத்துக்கொடுத்து, விழுங்கும்வரை அருகில் இருக்கும் ஒரு துணை வேண்டும். தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ இது தொற்றாது. தொழுநோயாளியை நம் ஆண்டவர் கைநீட்டித் தொட்டதை நினைவுகூருவோம்.

துணையற்ற நோயாளிகளின் வீடுகளுக்கு எங்கள் ஊழியர்கள் சென்றுவர உங்கள் காணிக்கை உதவுகிறது. உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவரைக் கடிந்துகொள்ளும் முன் அவருடைய மாத்திரையைக் குறித்து அன்போடு விசாரியுங்கள். எங்களுக்காகவும் ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனை ஆயர்