1282 முதல் ‘டெப்த் டெஸ்ட் ஃபெயில்ட்’ வரை

நிழல் விழவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். கேம் நிற்காமல் ஓடுகிறது; படம் மட்டும் தப்பு. கிராபிக்ஸ் புரோகிராமர்களுக்கு இது அன்றும் தலைவலி, இன்றும் தலைவலி. மாறியிருப்பது காரணம் தேடும் வழி.

1992இல் வந்த ஓபன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் ஏபிஐயில், ஏதாவது பிழை நேர்ந்ததா என்று கேட்டால் பதிலாக ஓர் எண் வரும். 1281 என்றால் கொடுத்த மதிப்பு சரியில்லை. 1282 என்றால் அந்தச் செயலே செல்லாது. ஏன் செல்லாது, எந்த வரியில், எந்த டெக்ஸ்சரால் என்பதையெல்லாம் அது சொல்லாது. சந்தேகப்பட்ட ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அதே கேள்வியைச் செருகி, எண் எங்கே முளைக்கிறது என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வரவேண்டும். கறுப்புச் சதுரம் போன்ற கோளாறுகளுக்கோ பெரும்பாலும் எண்கூட வராது. அப்போது பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரலான ஷேடரைத் திருத்தி, எல்லாவற்றையும் சிவப்பாக வரையச் சொல்லி, திரையில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

டூல்கள் இல்லாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் பிக்ஸ் இருந்தது. ஓபன்ஜிஎல்லுக்கு ஜிடிபக்கர் இருந்தது. ஒரு ஃபிரேமை வரைய நடந்த அழைப்புகளை அவை வரிசையாகக் காட்டின. மைக்ரோசாஃப்ட்டின் கிராபிக்ஸ் ஏபிஐயான டைரக்ட்3டி 9 காலத்திலேயே இடையிடையே பெயர்ப்பலகை போல மார்க்கர் வைக்கும் வசதியும் உண்டு. வைத்தவர் பிழைத்தார்; வைக்காதவருக்கு ஆயிரக்கணக்கான வரிகளும் எண்களும்தான். 37ஆம் டெக்ஸ்சர் செங்கல் சுவரா, நிழல் வரைபடமா என்பது அதை எழுதியவருக்கே வெளிச்சம்.

இன்று பலரும் முதலில் திறப்பது ரெண்டர்டாக். பால்டர் கார்ல்சன் கிரைடெக் என்ற கேம் நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கியது. 2014இல் இலவசமாக வெளிவந்து, ஓபன் சோர்ஸும் ஆனது. கேம் ஓடும்போது எஃப்12 அழுத்தினால் ஒரு ஃபிரேம் முழுசாகப் பிடிபடும். பிறகு அந்தக் கறுப்புச் சதுரத்தில் ஒரு பிக்சலைத் தேர்ந்தெடுத்து ‘பிக்சல் ஹிஸ்டரி’ கேட்கலாம். அந்தப் புள்ளியைத் தொட வந்த டிரா அழைப்புகள் வரிசையாக நிற்கும். நிறம் பதித்தவை பச்சையில், தோற்றவை சிவப்பில். சிவப்புக்குப் பக்கத்திலேயே காரணமும் எழுத்தில் இருக்கும்: ‘டெப்த் டெஸ்ட் ஃபெயில்ட்’, அதாவது முன்னால் வேறொன்று மறைக்கிறது. எந்த மேனுவலையும் புரட்டவேண்டியதில்லை. அடுத்து எங்கே பார்ப்பது என்பது அந்த மூன்று சொற்களிலேயே இருக்கிறது.

பொருள்களுக்கும் பெயர் வந்துவிட்டது. 2012இல் வந்த ஓபன்ஜிஎல் 4.3 முதல் ஒரு டெக்ஸ்சருக்கோ பஃபருக்கோ லேபிள் ஒட்டலாம். அழைப்புகளைத் தலைப்பிட்டுத் தொகுக்கலாம். டைரக்ட்3டி 12, வல்கன் ஆகிய ஏபிஐகள் இரண்டிலும் இதற்கு வழி உண்டு. பிழைச் செய்தியும் இப்போது வாக்கியமாக வருகிறது. ஒட்டிய பெயரையும் சேர்த்தே சொல்கிறது.

ஆனாலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. டைரக்ட்3டியில் ‘பிக்சல் ஷேடர்’ என்பது வல்கனில் ‘ஃபிராக்மென்ட் ஷேடர்’. டூலும் அந்தந்த ஏபிஐ சொல்வதையே சொல்வதால், புதியவர் இரண்டையும் வேறு வேறு என்று நினைத்து விழிக்கிறார். டூல் தன் பட்டன்களுக்குத் தெளிவாகப் பெயர் வைக்கலாம். நம் டெக்ஸ்சருக்கு அதனால் பெயர் வைக்க முடியாது. நாம் வைக்காவிட்டால் அதுவும் எண்ணைத்தான் காட்டும். பெயர் வைக்க ஒரே வரி போதும். ரிசோர்ஸை உருவாக்கும் இடத்திலேயே அதை எழுதும் பழக்கமுள்ள அணியில், நேற்று சேர்ந்தவரும் ஃபிரேமைப் படித்துப் பிழையைப் பிடிக்கிறார். மற்ற அணிகளில் இன்றும் சீனியர் லீவு முடிந்து வரவேண்டியிருக்கிறது.