வீட்டிலே ஒரு பாடசாலை

பூம்புகாரின் பழம்பெருமையைப் பேசுவோர் பட்டினப்பாக்கத்து மாளிகைகளையும் மருவூர்ப்பாக்கத்து வாணிகத்தையும் வர்ணிப்பது வழக்கம். அந்நகரின் ஐவகை மன்றங்களுள் இலஞ்சி மன்றம் என ஒன்று இருந்ததையும், கூன் விழுந்தவரும் பேச இயலாதவரும் காது கேளாதவரும் அங்குள்ள பொய்கையில் நீராடி நலம் பெற்றதாகச் சிலப்பதிகாரம் சொல்வதையும் நினைவுகூர்பவர் சிலரே. உடற்குறை உடையோருக்கும் மாநகரில் ஓர் இடம் உண்டு என்று அந்தப் பழங்காவியம் கருதியிருக்கிறது. இன்று அதே கடற்கரையில், நாலைந்து குழந்தைகள் வளரும் ஒரு வீட்டில், ஒன்றுக்கு மட்டும் மூளை முடக்குவாதமோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ இருந்து, பள்ளிக்கு அனுப்பவும் இயலாதிருக்குமானால், அக்குழந்தைக்குக் கல்வியில் எந்த இடம் உண்டு?

சட்டம் ஓர் இடத்தை அளித்திருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டம், 2012-இல் திருத்தப்பட்டபோது, கடுமையான ஊனமோ பல்வகை ஊனமோ உடைய குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைப் பெற்றனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உடையோருக்கு 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. இவற்றை நடைமுறைப்படுத்தும் பொருட்டே, கல்வித் துறையின் வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் அத்தகைய குழந்தைகளின் வீடு தேடி வருகிறார்கள். ஆயினும் அவர்கள் வந்து போவது சிறிது நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் குழந்தைக்கு உபாத்தியாயர் அதன் குடும்பம்தான்.

பல குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதில் ஒரு விசேஷ அநுகூலம் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இளையவர்களுக்குப் பாடம் சொல்லி வைத்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மணலில் எழுதிப் பழகுவதையும் மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதையும் அங்கே கைக்கொண்டு, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. உலகம் நம்மிடம் கண்டு பாராட்டிய அந்த ஏற்பாடு, அண்ணனும் அக்காளும் தம்பியும் தங்கையும் கூடி விளையாடும் வீட்டில் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

இதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. ஒரு பல்லாங்குழியும் கைநிறையப் புளியங்கொட்டையும் இருந்தால், மூத்தவன் பெருக்கல் பழகலாம். நடுப்பிள்ளை கூட்டல் பழகலாம். விரல்கள் வசப்படாத குழந்தை ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் குழியில் இடுவதையே பாடமாகக் கொள்ளலாம். சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து விளையும் இந்தப் பிரதேசத்தில், நெல்லையும் உளுந்தையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்வது கண்ணுக்கும் கைக்கும் ஒருங்கே நல்ல அப்பியாசம்.

சட்டை அணியக் கற்பிக்கும்போது, எல்லாப் பொத்தான்களையும் தாயே மாட்டிவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் குழந்தைக்கு விடுவது ஒரு முறை. அது கைவந்தபின் கடைசி இரண்டை விடலாம். இவ்வாறு முடிவிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பதால், ஒவ்வொரு நாளும் காரியத்தை முடித்த சந்தோஷம் குழந்தைக்கே கிட்டுகிறது. உட்காரத் தடுமாறும் குழந்தையை எவ்விதம் தாங்கி அமர்த்த வேண்டும் என்பதை மட்டும், நாமாக ஊகிக்காமல், இயன்முறை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. தகப்பனார் விடியுமுன்னே கடலுக்கோ வயலுக்கோ போய்விட, தாய் அடுப்படியில் இருக்க, குறையுள்ள குழந்தையின் பாரம் முழுவதும் மூத்த பெண்ணின் தலையில் விழுந்து, அவள் படிப்பு நின்றுபோவது பெரிய அநீதி. ஒரு குழந்தையின் கல்விக்காக மற்றொரு குழந்தையின் கல்வியைப் பலியிட எவருக்கும் அதிகாரம் இல்லை. உடன்பிறந்தோரின் உதவி விளையாட்டளவில், நாளுக்குச் சிறிது நேரம் இருந்தால் போதும். பொறுப்பு பெற்றோர் இருவருடையதே.

வீட்டில் கற்றவர் பரீட்சை எழுதவும் வழி உண்டு. 1989-இல் நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தில் 14 வயது நிரம்பியோர் பத்தாம் வகுப்புக்குப் பதிந்துகொண்டு, தமிழ் வழியிலும் பயின்று, பாடங்களை ஒரே மூச்சில் எழுதாமல் ஐந்தாண்டுகளுக்குள் பகுதி பகுதியாக எழுதித் தேறலாம். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு இந்த அவகாசம் பெரிய உபகாரம்.

எல்லாக் குழந்தைகளும் பரீட்சையில் தேறிவிட மாட்டார்கள். தானே சோறு உண்பதும், வேண்டியதைச் சைகையாலாவது கேட்பதும் கல்வியே. ஆகையால், இத்தகைய குழந்தையைப் பெற்றவர்கள் அதை அறைக்குள் மறைத்து வைக்காமல், அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்திலோ உடனே அதன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அண்டை வீட்டார் அந்தக் குழந்தையைப் பரிதாபத்தோடு பார்ப்பதை விடுத்து, வாரத்தில் ஒரு மாலையேனும் அதனோடு விளையாடத் தம் பிள்ளைகளை அனுப்பி வைக்க வேண்டும்.