இருநூறு வெள்ளியும் ஒரு வாடகை வீடும்

விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று கடிதம் வந்த நாளிலிருந்து வீடு தேடும் படலம் தொடங்கிவிடும். பந்தாய் டாலாம், பெட்டாலிங் ஜெயா செக்‌ஷன் 17 என்று அலைந்து, வாடகை கட்டுப்படியாகும் ஒரு பழைய வரிசை வீட்டைப் பிடித்து, கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கும். இருக்கப்போவதோ ஓராண்டு, ஈராண்டு. கையில் இருப்பதோ கல்விக் கடனில் மிஞ்சியது. எதைச் சரிசெய்வது, எதை விட்டுவிடுவது?

நாங்கள் நால்வர் தலைக்கு ஐம்பது வெள்ளி போட்டு இருநூறு சேர்த்தோம். அதில் பாதிக்கு மேல் சாயத்துக்கே போயிற்று. வரவேற்பறைச் சுவரில் இளநீலம் பூசி, நண்பர்களை அழைத்து விருந்தும் வைத்தோம். இரண்டே மாதத்தில் சாயம் அப்பளம்போல் பொங்கி உதிர்ந்தது. சுவருக்கு மறுபக்கம் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அன்று கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்: முதல் வெள்ளி தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும்; கடைசி வெள்ளி அழகுக்கு.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, வெளியே உள்ள தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி கழிவறைத் தொட்டிதான். அந்தத் தொட்டிக்குள் கொஞ்சம் கறுப்புக் காப்பியை ஊற்றி, கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளேயிருக்கும் ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறது என்று பொருள். சொட்டும் குழாய்க்கு ஒரு வாஷர், மரை கசிந்தால் மேலே சுற்ற வெள்ளை நாடா. ஹார்ட்வேர் கடையில் இரண்டும் மிக மலிவு. பழைய வாஷரைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் அளவு தவறாது.

பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை வாடை வீசினால் உடனே பினாயில் வாங்க ஓடாதீர்கள். குளியலறைத் தரையில் உள்ள வடிகுழிக்குள் வளைந்த பகுதி ஒன்று உண்டு. அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பான்பூச்சியையும் மேலே வரவிடாமல் தடுக்கிறது. வாரக்கணக்கில் யாரும் குளிக்காவிட்டால் அது வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும், செலவே இல்லை.

இனி ஈரச் சுவர். ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஓர் அடி அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் கசிவு. அது வீட்டுக்காரர் செலவு. நீங்கள் சாயம் பூசி மூடினால் எங்கள் கதைதான். முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தி, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போடுங்கள். பூஞ்சையைக் குளோராக்ஸ் கலந்த தண்ணீரால் துடைக்கலாம். ஆனால் அதைக் கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்கவேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். சன்னலில்லாக் குளியலறையில் அது விளையாட்டல்ல.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. மின்பெட்டியில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைச் சோதிக்க வைத்தது அது. அழுத்தினால் மின்சாரம் படக்கென்று நிற்கவேண்டும். நிற்காவிட்டால், சரிசெய்யும் வரை சுடுநீர்க் கருவியைத் தொடாதீர்கள். நான்கு இளைஞர்கள் ஈரக் காலோடு நிற்கும் குளியலறையில் உங்கள் உயிருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே இருப்பது அந்தக் கருவி ஒன்றுதான். பழுதுபார்ப்பது பதிவுபெற்ற மின்பணியாளரின் வேலை. மின்பொறியியல் படிக்கும் அறைத்தோழனின் வேலையல்ல, அவன் எத்தனை 'ஏ' வாங்கியிருந்தாலும் சரி.

இன்னொன்று, நீட்டிப்புக் கம்பி. நம் நாட்டுப் பிளக் 13 ஆம்பியர் வரை தாங்கும். 230 வோல்ட்டில் கணக்கிட்டால் ஏறக்குறைய 3,000 வாட். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் 2,000 வாட், இஸ்திரிப்பெட்டி 1,200 வாட் என்று வைத்துக்கொண்டால், காலை எட்டு மணி வகுப்புக்கு முன் இரண்டையும் ஒரே பலகையில் செருகும்போதே எல்லையைத் தாண்டிவிடுகிறோம். பலகை கைக்குச் சுட்டால் அது எச்சரிக்கை.

பழைய வீடுகளின் மேல்தட்டு ஆஸ்பெஸ்டாஸ் பலகையாக இருக்கக்கூடும். கொக்கி மாட்டுவதற்காக அதைத் துளைக்கவோ சுரண்டவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

முதல் சனிக்கிழமை ஒரு கோத்தோங்-ரோயோங் போடுங்கள். கூரைத் தாம்பாளம், உடைந்த பூச்சட்டி, குளியலறைத் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்க்கவேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலேயே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது என்பது அதனால்தான். முட்டை பொரித்துக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தேய்த்தாக வேண்டும். தேர்வு வாரத்தில் டிங்கிக் காய்ச்சலில் படுப்பதைவிட இது எளிது.

இதற்கெல்லாம் பிறகு மிஞ்சும் பணத்தைக் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய பொருளுக்கு மட்டும் செலவிடுங்கள். மேசை, நாற்காலி, மின்விசிறி, தடித்த திரைச்சீலை. மேற்குப் பக்க அறைக்குத் திரைச்சீலை மிகவும் உதவும். பழைய மேசையையும் நாற்காலியையும் பட்டமளிப்பு முடிந்து வீட்டைக் காலிசெய்யும் மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். பாதி சும்மாவே கிடைக்கும். மெத்தையை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி உணவின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும். வெயிலில் போட்டு எடுத்தால் முழுதும் ஒழியும் என்று நம்பமுடியாது. ஒரு புதிய பாயே மேல்.

கடைசியாக முன்பணம். இரண்டு மாத வாடகையும், தண்ணீர் மின்சாரத்துக்கென்று அரை மாத வாடகையும் கேட்பது இங்கு வழக்கம். நான்கு மாணவர்களுக்கு அது பெருந்தொகை. 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, தீர்வை செலுத்தி முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. எனவே "தம்பி, நம்மாளுங்கதானே, எழுத்தெல்லாம் எதுக்கு" என்று வீட்டுக்காரர் அன்பாகச் சொன்னாலும், அதே அன்போடு ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் அது இல்லை. உதிர்ந்த சாயத்துக்கு நாங்கள்தான் காரணம் என்று அவர் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டபோது, சுவர் முன்னமே ஈரமாக இருந்தது என்று காட்ட ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

ஆகையால் சாவி கைக்கு வந்த அன்றே, ஒரு பெட்டிகூட உள்ளே போவதற்கு முன், ஒவ்வோர் அறையையும், ஒவ்வொரு விரிசலையும், இரண்டு மீட்டர்களின் எண்களையும் கைப்பேசியில் படம் எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.